பழைய கார்: நடு சிலிண்டர் இரண்டிலும் கம்ப்ரஷன் குறைவு. ஹெட் கேஸ்கெட்டா, வால்வா?

வணக்கம் நண்பர்களே. நான்கு சிலிண்டர் பெட்ரோல், கார்புரேட்டர் வண்டி. ஐடிலில் உதறுகிறது, மேடு ஏறும்போது இழுவை இல்லை. இன்ஜின் சூடாக இருக்கும்போதே பிளக் எல்லாவற்றையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி எடுத்த கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) அளவு, 1 முதல் 4 வரை வரிசையாக, பிஎஸ்ஐயில்: 152, 104, 98, 150.

ஓரத்து இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தேன். 3-வது 102 வரை வந்தது, 2-வது அசையவே இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால், ஆயில் இடைவெளியை அடைத்து அளவு நன்றாக ஏறியிருக்கும், அதனால் ரிங் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்திருப்பதால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) என்றுதான் தோன்றுகிறது. கூலன்ட் குறையவில்லை, ஆயிலும் பால் கலந்த மாதிரி ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் மட்டும் கேஸ்கெட் எரிந்திருந்தால் இவை எதுவும் தெரியாதே!

ஹெட்டைக் கழற்றும் முன் வால்வு கிளியரன்ஸ் பார்க்கட்டுமா, நேராக லீக் டவுன் டெஸ்ட்டுக்கு (சிலிண்டரில் காற்று ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பது) போகட்டுமா? 2-வதில் காற்று ஏற்றும்போது 3-வது பிளக் துளையில் சீறல் கேட்டால் கேஸ்கெட் என்றே முடிவு செய்யலாமா? அப்புறம், அதுவரை ஓட்டினால் ஹெட்டுக்குச் சேதம் வருமா? ரொம்பப் பிரியமான வண்டி, அனுபவம் உள்ளவர்கள் அவசியம் சொல்லுங்கள்.