எஃப்1 அழுத்தினால் வெள்ளைப் பக்கம்

மென்பொருளோடு உதவிப் பக்கம் சேர்த்த கதையை நிரல் எழுதுகிறவர்கள் பலரும் எழுதிவிட்டார்கள். என்னுடையதையும் சொல்கிறேன்.

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் ஒரு மீன் கமிஷன் கடைக்கு சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். ஏலத் தொகை, கமிஷன், ஐஸ், படகுக்குக் கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் அதில் வரும். உதவிப் பக்கங்களை சிஹெச்எம் கோப்பாக, அதாவது விண்டோஸின் பழைய உதவிக் கோப்பு வடிவில், தொகுத்து, கடையின் மூன்று கணினிகளுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று சர்வர் ஃபோல்டரில் போட்டேன். என் லேப்டாப்பில் அருமையாகத் திறந்த கோப்பு, அங்கே உதவிக்கான எஃப்1 விசையை அழுத்தினால் தலைப்புகளை மட்டும் காட்டியது. வலப்பக்கம் வெறும் வெள்ளை. இரண்டு நாள் என் நிரலில்தான் பிழை தேடினேன். 2005-இல் விண்டோஸில் வந்த பாதுகாப்பு மாற்றத்திலிருந்தே, நெட்வொர்க்கில் இருக்கும் சிஹெச்எம் இப்படித்தானாம். அந்தந்தக் கணினியிலேயே நகல் வைத்ததும் சரியாகிவிட்டது. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பாக இருந்தால் ப்ராபர்ட்டீஸில் போய் 'அன்பிளாக்' கொடுக்க வேண்டும்.

அப்புறம் தலைப்புகளைத் தமிழில் மாற்றினேன். வரிசையாகக் கேள்விக்குறிகள்! உள்ளே இருக்கும் பக்கங்கள் யூனிகோடில் தமிழைக் காட்டும். ஆனால் பொருளடக்கமும் சொல்லடைவும் பழைய கோட் பேஜ் முறையை (மொழிக்கு ஒரு தனி எழுத்துப் பட்டியல்) நம்பியவை. விண்டோஸில் அதற்கு உதவும்படி தமிழுக்கு ஒரு கோட் பேஜ் கிடையாது. அன்று எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது.

இணையத்தில் வைத்துவிடு என்றார் நண்பர். காற்றடித்தால் கரண்டோடு நெட்டும் போகிற கரையில், ஏல நேரத்தில் அதை நம்ப முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடையில் வேலை குறைவு. அந்த 61 நாளில் எல்லாவற்றையும் சாதாரண ஹெச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி நிரலோடு சேர்த்தே நிறுவினேன். ஒரு திரைக்கு ஒரு பக்கம். ஒரே பெரிய பக்கமாக வைத்து, முகவரியின் கடைசியில் # போட்டுப் பகுதியின் பெயரைச் சேர்த்து நடுவில் திறக்கப் பார்த்தால், உள்ளூர்க் கோப்புக்கு அந்த # பகுதி வழியிலேயே உதிர்ந்துபோகிறது, கவனம்.

கணக்கு எழுதும் அக்காவிடம் காட்டினேன். தேடல் பெட்டியில் "பிடித்தம்" என்று அடித்தார். ஒன்றும் வரவில்லை. நான் "முன்பணச் சரிக்கட்டல்" என்று எழுதி வைத்திருந்தேன். "தம்பி, அட்வான்ஸ்ல கழிக்கிறதத்தான கேக்குறேன், அது எங்க?" என்றார். பக்கம் இருந்தது, அவர் சொல் அதில் இல்லை. அன்று மாலை வரை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தலைப்பையும் அவரிடம் வாசித்துக் காட்டி, அவர் சொன்னபடியே மாற்றினேன். திரையில் இருந்த பட்டன் பெயர்கள் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டியதாயிற்று.

தடை முடிந்து படகுகள் வந்த விடிகாலை நானும் கடையில் இருந்தேன். அக்கா பிடித்தத் திரையில் எஃப்1 அழுத்தினார், நின்று வாசித்தார், தொகையைப் போட்டுவிட்டு அடுத்த படகின் சீட்டை எடுத்தார்.