ஏஜென்ட்டுக்கு மியூசிக் தியரி டூல்: நோட்ட நம்பரா வச்சுக்கலாமா, பேரா வச்சுக்கலாமா?

கேள்வி (கட்டை_கருப்பு)

ஏஐ ஏஜென்ட்டுங்க கூப்பிட்டு கேக்குற மாதிரி ஒரு எம்சிபி (ஏஐ மாடல வெளி டூலோட இணைக்கிற பொது முறை) சர்வர் எழுதிட்டு இருக்கேன். இந்த கார்டுல (சேந்து ஒலிக்கிற நோட்டுங்க) என்னென்ன நோட்டு, இந்த ஸ்கேல்ல ஆறாவது டிகிரி எது, இத ஒரு மைனர் தேர்டு ஏத்துனா என்ன வரும், இப்படிப்பட்ட கேள்விக்கெல்லாம் மாடல் யோசிச்சு சொல்லாம டூல் கணக்கு போட்டு சொல்லணும், அவ்ளோதான். மாடலே சொல்லிடுமேன்னு கேப்பீங்க. சி மேஜர், ஜி மேஜர்னா சொல்லிடும். ஜி ஷார்ப் மைனர்ல அஞ்சாவது டிகிரி மேல மேஜர் கார்டு கேட்டுப் பாருங்க, சில சமயம் டி ஷார்ப், ஜி, ஏ ஷார்ப்னு வரும். நடுவுல வர வேண்டியது எஃப் டபுள் ஷார்ப். கீபோர்டுல ரெண்டும் ஒரே கட்டைதான், ஆனா நொட்டேஷன்ல ஜின்னு எழுதிட்டா அது தேர்டே கிடையாது, ஃபோர்த் ஆயிடுது.

இப்ப சந்தேகம் என்னன்னா, உள்ள எல்லாத்தையும் மிடி நம்பரா (கீபோர்டுல ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு எண், நடு சி 60) வச்சுட்டு கடைசில பேர் போட்டுக்கலாமா, இல்ல முதல்லருந்தே பேராவே கொண்டு போகணுமா? நம்பர்னா புரோகிராம் கோடு ரொம்ப சின்னதா முடியுது, அதான் மனசு அங்க போகுது.

பதில் (அஞ்சாம்_வட்டம்)

பேராவே கொண்டு போங்க. நம்பருக்கு மாத்துன உடனே ஸ்பெல்லிங் (அந்த கட்டைய எந்த பேர்ல எழுதுனதுங்கிறது) போயிடுது, போனத திரும்ப எடுக்க வழியே இல்ல, கீ என்னன்னு ஊகிச்சுதான் போடணும், அந்த ஊகத்த தவிர்க்கத்தானே டூலே எழுதுறீங்க.

பேரா வச்சாலும் புரோகிராம் பெருசாகாது. எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பின்னு ஃபிஃப்த் ஃபிஃப்த்தா ஒரே நேர்கோட்டுல நிறுத்துங்க, எஃப் -1, சி 0, ஜி 1, இப்படியே போய் பி 5. ஷார்ப் ஒண்ணுக்கு 7 கூட்டு, ஃபிளாட் ஒண்ணுக்கு 7 கழி. இன்டர்வலும் (ரெண்டு நோட்டுக்கு நடுவுல உள்ள தூரம்) அதே நேர்கோட்டுல ஒரு நம்பர்தான்: பெர்ஃபெக்ட் ஃபிஃப்த் +1, மேஜர் தேர்டு +4, மைனர் தேர்டு -3, ஆக்மென்டட் செகண்ட் +9. உங்க கேள்விலயே போட்டுப் பாப்போம், டி ஷார்ப் 2+7, அதாவது 9. அதோட 4 கூட்டுனா 13, எஃப் -1ல ரெண்டு ஷார்ப் ஏத்துனாலும் அதே 13, எஃப் டபுள் ஷார்ப் தானா வந்து விழுது. 9ஓட 1 கூட்டுனா 10, அது ஏ ஷார்ப். எந்த இடத்துலயும் ஸ்பெஷல் கேஸ் எழுத வேண்டாம். எனக்கு இந்த கணக்கு அவ்ளோ பிடிக்கும்.

ஆக்டேவ் மட்டும் இதுல வராது, தனியா வச்சுக்கணும். சி ஃபிளாட் 4ன்னா மிடில 59, பி ஷார்ப் 3ன்னா 60, இந்த ரெண்டுக்கும் கண்டிப்பா டெஸ்ட் போடுங்க.

பதில் (ரூட்_எது)

மேல சொன்னதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. டிமினிஷ்டு செவன்த் கார்டுல அடுத்தடுத்த நோட்டுக்கு நடுவுல எல்லாம் மூணு செமிடோன்தான் (ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம் ஒரு செமிடோன்), அதனால நம்பர மட்டும் பாத்தா நாலு நோட்டுல எது வேணா ரூட்டா, அதாவது கார்டுக்கு அடிப்படை நோட்டா இருக்கலாம். பி, டி, எஃப், ஏ ஃபிளாட்னு எழுதியிருந்தா ரூட் பி, சி மைனருக்கு போகப் பாக்குது. அதே கட்டைங்கள பி, டி, எஃப், ஜி ஷார்ப்னு எழுதியிருந்தா ரூட் ஜி ஷார்ப், ஏ மைனர் பக்கம் இழுக்குது. நம்பரா அனுப்புனா இந்த தகவல் மொத்தமும் காலி.

பேர் இருந்தும் ஒரே பதில் வராத கார்டும் உண்டு. சி, ஈ, ஜி, ஏ குடுத்தா அது சி சிக்ஸ்த்தாவும் இருக்கலாம், ஏ மைனர் செவன்த்தோட இன்வெர்ஷனாவும் (ரூட் அல்லாத நோட்டு கீழ வர்ற வடிவம்) இருக்கலாம். அங்க ஒண்ண மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்பாதீங்க, ஏன்னா டூல் சொன்னா ஏஜென்ட் அத அப்படியே உண்மைன்னு எடுத்துக்கிட்டு யூசர்கிட்ட அடிச்சு சொல்லிடும். ரெண்டையும் அனுப்புங்க, கூடவே பேஸ் நோட் (அடியில இருக்குற நோட்டு) எது, எந்த கீல எந்த டிகிரின்னு சேத்து அனுப்புங்க. முன்னாடி பின்னாடி என்ன கார்டு இருக்குன்னு ஏஜென்ட்டுக்குத்தான் தெரியும், முடிவ அதுகிட்ட விடுங்க. டோனல்னு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி இருக்கே, அதுலயும் கார்டு கண்டுபிடிக்கிற ஃபங்ஷன் லிஸ்டாதான் திருப்பித் தரும்.

கட்டை_கருப்பு

சூப்பர், பேர் பக்கமே போறேன், அந்த 13 கணக்கு பாத்ததுமே முடிவு பண்ணிட்டேன். இன்புட் எப்படி வாங்குறது? மாடல் ஒருதடவ ஷார்ப் குறிய போடுது, ஒருதடவ ஹேஷ் போடுது, ஒருதடவ வார்த்தையாவே எழுதுது.

பதில் (வாசல்_காவல்)

வாசல்லயே எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்கு மாத்திடுங்க, உள்ள போனப்புறம் யாரும் அத பத்தி யோசிக்கக் கூடாது. பின்னாடி மியூசிக்21ங்கிற பைத்தான் லைப்ரரிய வச்சீங்கன்னா அதுல ஃபிளாட்டுக்கு குறி மைனஸ், அந்த மாத்தத்தையும் அந்த ஒரே இடத்துல முடிச்சுடுங்க. எச்னு ஒரு நோட்டு வந்தா ஜெர்மன் முறை, அங்க 'எச்'னா நம்ம பி, 'பி'ன்னா நம்ம பி ஃபிளாட். அப்படி வந்தா நீங்களா ஒண்ண நினைச்சுக்காம எந்த முறைன்னு திருப்பி கேளுங்க.

கேக்குறதும் சரியா கேக்கணும். எம்சிபில டூலுக்குள்ள வர்ற தப்ப ரிசல்ட்டுலயே இஸ்எரர்னு (தப்பு நடந்துருக்குங்கிற குறி) போட்டு அனுப்பலாம், அப்பதான் மாடல் அத படிச்சு திருத்திக்கிட்டு மறுபடி கூப்பிடும். 'தவறான உள்ளீடு'ன்னு மொட்டையா எழுதுனா அதே தப்போடதான் திரும்ப வரும். எந்த நோட்டு புரியல, எப்படி எழுதுனா புரியும்னு உதாரணத்தோட எழுதுங்க. ஆக்டேவுக்கும் இதே கதைதான், 60அ சில சாஃப்ட்வேர் சி4ன்னு சொல்லும், சிலது சி3ன்னு சொல்லும், நீங்க எத வச்சிருக்கீங்கன்னு டூல் டிஸ்கிரிப்ஷன்லயே ஒரு வரி போட்டுடுங்க.