வண்டி மாட்டிக்கொண்டது, அவசரம்

பனங்காடை:
மஹிந்திரா தார் ஜீப் மாட்டிக்கொண்டது. நாலு சக்கரமும் ஓடும் ஃபோர் வீல் போட்டும் நகரவில்லை. பக்கத்தில் டிராக்டர் அண்ணாச்சி இருக்கிறார், சங்கிலியும் இருக்கிறது. இழுக்கச் சொல்லலாமா? போனில் சார்ஜ் 18 சதவீதம்தான்.

நாலாங்கியர்:
எதில் மாட்டியது? சேறா, மணலா?

கரம்பை:
2023-லிருந்து பின்சக்கரம் மட்டும் ஓடும் தாரும் வருகிறது. உங்களுடையது எது?

நாலாங்கியர்:
ஃபோர் வீல் போட்டேன் என்றுதானே எழுதியிருக்கிறார். ஹையா (சாதா வேகம்) லோவா (மெதுவாக, அதிக இழுவை), அதைக் கேளுங்கள்.

பனங்காடை:
மணல். தேரி, அதாவது செம்மணல் மேடு. திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழி அருகே, நண்பர் தோட்டத்துக்குப் போகும் வழி. ஹையில்தான் இருக்கிறது. மிதிக்க மிதிக்க இறங்குகிறது.

பழைய ஜீப்:
தேரி என்று முதல் வரியிலேயே சொல்ல முடியாதா? டயரில் 35 பிஎஸ்ஐ காற்றை வைத்துக்கொண்டு மணலுக்குள் இறங்குகிறவருக்கு ஃபோர் வீல் எதற்கு? இதை இங்கே எத்தனை முறை எழுதுவது.

கருக்குமட்டை:
காற்றைத் தொட வேண்டாம். பனையோலையைச் சக்கரத்துக்கடியில் திணியுங்கள். எங்கள் ஊரில் லாரியே அப்படித்தான் ஏறும்.

நாலாங்கியர்:
ஓலை சரி, மட்டை வேண்டாம். கருக்கு டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும்.

பனங்காடை, மிதிப்பதை நிறுத்துங்கள். குனிந்து பாருங்கள், வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்திருக்கும். டிஃபரன்ஷியலுக்கு (அச்சின் நடுவில் தொங்கும் உருண்டை) அடியில் இருக்கும் மணலை வாரி எடுங்கள். சைலன்சர் வாயும் மூடியிருக்கக் கூடாது. நாலு சக்கரத்துக்கும் பின்னால் சரிவாக வெட்டிவிடுங்கள். வந்த தடம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், அதனால் பின்னால் எடுப்பதுதான் லேசு. அப்புறம் நாலு டயரையும் 15 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். தரையில் படியும் இடம் நீளும், அதுதான் காப்பாற்றும். ஃபோர் லோ, ரிவர்ஸ், ஸ்டியரிங் நேராக. சக்கரம் சும்மா சுற்றினால் உடனே காலை எடுத்துவிடுங்கள். வால்வு மூடிகளைச் சட்டைப்பையில் போடுங்கள், தேரியில் விழுந்தால் கிடைக்காது.

கரம்பை:
தண்ணீர் ஊற்றினால் மணல் இறுகுமே?

பழைய ஜீப்:
தேரியில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

உழவன் 575:
சங்கிலி கட்டி மெதுவாக இழுத்தால் ஒன்றும் ஆகாது. 30 வருடமாக இழுக்கிறேன்.

பழைய ஜீப்:
30 வருடமாக அதிர்ஷ்டம் என்று சொல்லுங்கள். சங்கிலி நீளாது. வெட்டி இழுத்தால் எங்காவது ஒன்று உடைந்தே தீரும். நைலான் கைனடிக் கயிறு 20, 30 சதவீதம் நீளும், அதனால்தான் அதில் வேகம் கொடுத்து இழுக்கிறார்கள். எதுவானாலும் டோ பாலில், அதாவது டிரெய்லர் மாட்டும் உருண்டையில், மாட்டாதீர்கள். முறிந்தால் குண்டு மாதிரி பறக்கும், ஆள் செத்திருக்கிறது. சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) இருக்கும் இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். கயிற்றின் நடுவில் கனமான ஈரச் சாக்கைப் போடுங்கள், அறுந்தால் துள்ளாமல் அமுக்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்று நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில் நிற்கட்டும்.

உழவன் 575:
நானும் மெதுவாக என்றுதான் சொன்னேன்.

கரம்பை:
நம்மூர்ப் பாலைவனத்தில் இவ்வளவு விஷயமா!

கருக்குமட்டை:
தேரி பாலைவனம் இல்லை. காற்று சேர்த்த மணல்மேடு, இரும்பு ஆக்சைடு பூசியதால் சிவப்பு. பனையும் முந்திரியும் நிற்கிற இடம் பாலைவனமா?

கரம்பை:
முல்லையும் குறிஞ்சியும் காய்ந்தால் பாலை என்றுதானே படித்தோம். மரம் இருந்தாலும் பாலைதான்.

கருக்குமட்டை:
பாலை வேறு, பாலைவனம் வேறு.

நாலாங்கியர்:
வண்டி வெளியே வந்ததா என்று யாராவது கேட்டீர்களா?

பனங்காடை:
வந்துவிட்டது. இரண்டாவது தடவை வாரிய பிறகுதான் அசைந்தது. சங்கிலி தேவைப்படவில்லை. மூடி மூன்றுதான் இருக்கிறது. திருச்செந்தூர் ரோட்டில் இந்நேரம் காற்றடிக்கக் கடை திறந்திருக்குமா?