தமிழில் 16 பக்கச் சிற்றேடு: எழுத்து உடையுது, பிரஸ்ஸில் ஃபைலைத் திருப்பி அனுப்பிட்டாங்க

முத்து_விஸ்காம்:
வணக்கம். பி.எஸ்சி. விஸ்காம் இரண்டாம் ஆண்டு. டைபோகிராஃபி பேப்பருக்காகப் பனைமரம் பற்றி ஏ5 அளவில் 16 பக்கச் சிற்றேடு செய்யணும், உள்ளடக்கம் முழுக்கத் தமிழ். இல்லஸ்ட்ரேட்டரில் ஒட்டினால் "கொ" போன்ற எழுத்துகளில் ஒற்றைக் கொம்பு க-வுக்கு அந்தப் பக்கம் போயிடுது, சில இடத்தில் புள்ளி வட்டம் வருது. அதனால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் திரும்ப அடிச்சேன், அதில் சரியா இருக்கு. ஆனா பிரஸ்ஸில் பிளீட் (வெட்டு ஓரத்துக்கு வெளியே நீட்டி விடுற பகுதி) இல்லை, கறுப்பு நாலு கலரில் இருக்குன்னு ஃபைலைத் திருப்பிட்டாங்க. வகுப்பில் "ஹையரார்க்கி இல்லை" (தலைப்பு, உரை என்கிற படிநிலை தெரியலை) என்று மதிப்பெண் குறைச்சிருக்காங்க. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

எழுத்தாணி:
பாமினியை விட்டுடுங்க. அதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துருவை மாற்றின நொடியே எல்லாம் ஆங்கிலக் குப்பையாகும், பிடிஎஃப்பில் ஒரு சொல்லைத் தேடினாலும் கிடைக்காது.

உடைவது யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) எழுத்துருவின் குற்றமில்லை, மென்பொருளின் கம்போசர் (எழுத்துகளைச் சேர்த்து வரியாக அடுக்கும் பகுதி) செட்டிங். இல்லஸ்ட்ரேட்டரில் எடிட் → பிரிஃபரன்சஸ் → டைப் போய் "ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்" டிக் பண்ணுங்க. பிறகு உரையைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பேனலின் மூலை மெனுவில் "மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்" என்று தொடங்கும் கம்போசரைக் கொடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துடும்.

ஆனா 16 பக்கத்தை இல்லஸ்ட்ரேட்டரில் செய்யாதீங்க. பல பக்க வடிவமைப்புக்கான இன்டிசைனுக்குப் போங்க. அங்கே பாராகிராஃப் ஸ்டைலைத் திறந்து, ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் கம்போசரை "அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்" ஆக்குங்க. ஸ்டைலுக்குள்ளேயே வைக்கணும். பத்தி பத்தியா கையால் மாற்றினால் எங்கேயாவது ஒரு படக்குறிப்பு விட்டுப்போய், அச்சான பிறகுதான் கண்ணில் படும்.

பாமினியில் அடிச்சதை என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஏதாவதில் யூனிகோடாக மாற்றலாம். மாற்றினதும் இரண்டு விஷயம் கட்டாயம் தேடிப் பாருங்க. ஒன்று, ர் வரவேண்டிய இடத்தில் கால் போட்டு அதன் மேல் புள்ளி வைத்திருப்பது. பழைய எழுத்துருவில் "அவர்", "மரம் வளர்ப்போர்" எல்லாம் இப்படித்தான் அடித்திருப்பாங்க, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. யூனிகோடில் அது செல்லாத சேர்க்கை, சில எழுத்துருவில் புள்ளி வட்டமா வரும். ஃபைண்ட்/சேஞ்சில் கால்+புள்ளியைக் கொடுத்து ர் என்று ஒரேயடியா மாற்றிடலாம். இன்னொன்று, கௌ, மௌ போன்றவற்றில் கடைசிப் பகுதிக்கு ள அடித்திருப்பது. இதை மொத்தமா மாற்ற முடியாது ("கெள" என்று தேடினால் கெளுத்தியும் சேர்ந்து மாறும்), ஒவ்வொன்றாப் பார்க்கணும்.

வரிக்கு_வரி:
ஹையரார்க்கி பற்றி. வகுப்பில் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலம். அதில் தலைப்பைப் பெரிய எழுத்தில் போடலாம், மேற்கோளைச் சாய்வெழுத்தில் போடலாம். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது. முறையாக வரையப்பட்ட சாய்வெழுத்தும் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் இல்லை. மென்பொருள் இழுத்துச் சாய்ப்பது ழ, ஞ, ணு போன்றவற்றின் வளைவைக் கெடுத்துவிடும். ஆகவே நம் கையில் இருப்பவை தடிமன், அளவு, நிறம், வெற்றிடம். அதனாலேயே பல தடிமன் உள்ள குடும்பமாகத் தேர்ந்தெடுங்கள். முக்தா மலரில் 7, கேட்டமரானில் 9, ஹிந்த் மதுரையில் 5 உண்டு. மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், ஆங்கில எழுத்தும் எண்ணும் உள்ளேயே இருக்கின்றன. எண் இல்லாத தமிழ் எழுத்துருவில் "1978" என்று வந்தால் இன்டிசைன் அந்த இடத்தில் இளஞ்சிவப்புப் பட்டை காட்டும்.

மூன்று நிலை போதும். தலைப்பு 24 பாயின்ட் தடிமன், உபதலைப்பு 13 பாயின்ட் நடுத்தடிமன், உடல் 10.5 பாயின்ட் சாதாரணம். படக்குறிப்பு 8.5. உபதலைப்பை 11.5 என்று உடலை ஒட்டி வைத்தால் படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். நீங்கள் மதிப்பெண் இழந்தது பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

வரி இடைவெளியை ஆட்டோவில் விடவே கூடாது. ஆட்டோ என்பது 120 சதவீதம், 10.5-க்கு 12.6 தான் கிடைக்கும். தமிழில் மேலே சுழி, கீழே வால் இரண்டும் உண்டு. மேல் வரியில் "முழுமூச்சு", அதற்கு நேர் கீழே "கிளி வீட்டில்" என்று அடித்துப் பாருங்கள். ழு-வின் வாலும் வீ-யின் சுழியும் முட்டிக்கொள்ளும். 15.5 கொடுங்கள். ஏ5 பக்கத்தில் மேலே 15, கீழே 20 மி.மீ. விட்டால் உரைக்கு 175 மி.மீ. மிஞ்சும், அது 496 பாயின்ட், சரியாக 32 வரி. பேஸ்லைன் கிரிட்டையும் (வரிகள் உட்காரும் வழிகாட்டிக் கோடுகள்) 15.5 என்றே வையுங்கள், எதிரெதிர்ப் பக்கங்களில் வரிகள் நேராக நிற்கும்.

டிராக்கிங்கைத் தொடாதீர்கள். எழுத்துக்கு நடுவே இடம் கூட்டினால் "கொ" மூன்று துண்டாகத் தெரியும். இரண்டு பத்தியாகப் பிரித்து இருபக்கமும் சமன்செய்யும் ஆசையும் வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை, ஏ5-இன் பாதி அகலத்தில் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். ஒரே பத்தி, இடப்பக்கச் சீர். சொல்லை உடைக்க நேர்ந்தால் அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது, கவனியுங்கள்.

முத்து_விஸ்காம்:
ரொம்ப நன்றி. வரி இடைவெளி மாற்றினதுமே பக்கம் மூச்சு விடுற மாதிரி இருக்கு. ஆனா உரை 16 பக்கத்தைத் தாண்டி ஒன்றரைப் பக்கம் வழியுது. எழுத்தை 9.5 ஆக்கலாமா? பிரஸ் விஷயமும் யாராவது சொல்லுங்களேன்.

வரிக்கு_வரி:
எழுத்தைக் குறைக்க வேண்டாம். உரையை வெட்டுங்கள், அல்லது 20 பக்கமாக்குங்கள். பின் அடிக்கும் புத்தகம் நாலு நாலாகத்தான் வளரும், 18 பக்கம் என்று ஒன்று கிடையாது. சிற்றேட்டில் ஒன்றரைப் பக்கம் வழிகிறது என்றால் பெரும்பாலும் முன்னுரையிலேயே அது இருக்கும்.

பிளேட்_நாலு:
தம்பி, பிரஸ் பக்கம் நான் சொல்றேன். நாலு பக்கமும் 3 மி.மீ. பிளீட். டாக்குமென்ட் செட்டப்பில் நம்பரைப் போட்டா மட்டும் போதாது, படத்தையும் பின்னணிக் கலரையும் அந்தச் சிவப்புக் கோடு வரைக்கும் இழுத்து விடணும். பாதிப் பேர் இதைத்தான் விடுறாங்க. பக்க எண்ணை வெட்டு ஓரத்திலிருந்து 8 மி.மீ.யாவது உள்ளே வை. பின் அடிச்சு மடிக்கிறப்போ நடுத்தாள் வெளியே தள்ளும், வெட்டினா அந்தப் பக்கத்து ஓரம்தான் குறையும்.

கறுப்பு: வேர்டிலிருந்து கொண்டுவந்த கறுப்பு ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கலவை), அதை மாற்றினா நாலு கலரும் கலந்துடும். நாலு பிளேட்டில் ஒன்று இம்மி நகர்ந்தாலும் எழுத்தோட ஓரத்தில் சிவப்பு, நீலம் தெரியும். ணு, ழி எல்லாம் அடைச்சுக்கும். சோதிக்கிறது சுலபம். விண்டோ → அவுட்புட் → செபரேஷன்ஸ் பிரிவ்யூ திற, பிளாக் கண்ணை மூடு. உரை மொத்தமும் மறைஞ்சா சரி. லேசா நிழல் மாதிரி நின்னா அந்த ஸ்டைலுக்கு வெறும் கறுப்பு 100 கொடு. அட்டையில் பெரிய கறுப்புப் பரப்பு இருந்தா அங்க மட்டும், ஆஃப்செட் என்றால் 40-30-30-100 (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு சதவீதம்) வை.

படம்: முழுப்பக்கப் படத்துக்கு பிளீட்டோட 1,820 × 2,550 பிக்சல் வேணும், அதுதான் 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்). வாட்ஸ்அப்பில் வந்து நீளப் பக்கம் 1,600 ஆச்சுன்னா 190-க்குக் கீழே போயிடும், பனையோலையோட நரம்பு எல்லாம் மங்கிடும். டாக்குமென்டா அனுப்பச் சொல்லி வாங்கு.

வகுப்புக்கு அஞ்சு பத்து காப்பிதானே, டிஜிட்டல் பிரின்ட் போதும். 12×18 அங்குலத் தாளில் ஏ3 அளவை (உன் ஏ5 பக்கம் நாலு சேர்ந்தது) பிளீட்டோட வைக்க முடியாது. தாளோட குறுகின பக்கம் 305 மி.மீ., உனக்கு 303 வேணும், ஓரத்தில் மெஷின் அச்சடிக்காத இடமும் இருக்கு. 13×19 தாள் இருக்கான்னு முதல்லயே கேள். அட்டை 250 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டுன்னா மடிக்கும் முன்னாடி கிரீசிங் (மடிப்புக் கோட்டை அழுத்தி விடுறது) போடச் சொல், இல்லன்னா முதுகில் டோனர் வெடிச்சு வெள்ளைக் கோடு தெரியும். உள்தாள் படம் நிறைய இருந்தா 130 மேட் ஆர்ட். 70 மேப்லித்தோ வேண்டாம், மறுபக்க எழுத்து தெரியும்.

முத்து_விஸ்காம்:
அண்ணா, 16-ம் பக்கமும் 1-ம் பக்கமும் பக்கத்தில் வர்ற மாதிரி நானே அடுக்கித் தரணுமா? எழுத்தை அவுட்லைன் (வெறும் வரைவடிவமா மாற்றுறது) பண்ணியே கொடுக்கணுமா?

பிளேட்_நாலு:
அடுக்காதே. ஒற்றைப் பக்கமா 1-லிருந்து 16 வரை வரிசையா பிடிஎஃப் கொடு, ஸ்பிரெட் (எதிரெதிர்ப் பக்கம் இரண்டும் சேர்ந்தது) வேண்டாம். அடுக்குறது பிரஸ் வேலை, நீ அடுக்கிக் கொடுத்தா அவங்க திரும்பப் பிரிக்கணும். உள்பக்க உரையை அவுட்லைன் பண்ணாதே. எழுத்துரு பிடிஎஃப்புக்குள்ளேயே எம்பெட் ஆகிடும், அக்ரோபாட்டில் ஃபைல் → பிராப்பர்டீஸ் → ஃபான்ட்ஸில் பார்த்து உறுதி செய். இல்லஸ்ட்ரேட்டரில் செய்த அட்டைத் தலைப்பை மட்டும் அவுட்லைன் ஆக்கு, ஆனா மூல ஃபைலைத் தனியா வை. எக்ஸ்போர்ட்டில் பிடிஎஃப்/எக்ஸ்-4 (அச்சுக்கான பிடிஎஃப் வகை) தேர்ந்தெடு. கடையில் பழைய ரிப் (பிடிஎஃப்பை அச்சுக்கு மாற்றுற மென்பொருள்) ஓடுதுன்னா எக்ஸ்-1ஏ கேட்பாங்க, அப்போ நிழல், டிரான்ஸ்பரன்சி வச்ச பக்கங்களை மட்டும் திறந்து ஒருமுறை பெரிசாக்கிப் பார்த்துட்டு அனுப்பு.