வெள்ளோட்டில் தன்னார்வலர்களுக்கு ஆண்டுதோறும் விருது கொடுக்கலாமா?

ஏரிக்கரை:
ஈரோடு மாவட்டத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இல் சேர்ந்தது. கொங்கு நாட்டு ஏரிகள் இரண்டுக்கு உலக அளவில் பெயர் கிடைத்துவிட்டது. இப்படிப்பட்ட இடங்களில் சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்களை நாம் ஊரறியப் பாராட்டுவது போதவில்லை என்பது என் மனக்குறை.

என் யோசனை இதுதான். பறவை வரத்து குறையும் ஏப்ரல் வாக்கில் வெள்ளோட்டு ஏரிக்கரையிலேயே சின்னதாக ஒரு விழா. அந்த ஆண்டு நன்றாக உழைத்த இரண்டு மூன்று பேருக்குச் சால்வை, சான்றிதழ், முடிந்தால் நல்ல பைனாகுலர் ஒன்று. செலவை ஈரோடு, பெருந்துறைப் பக்கம் இருக்கிற ஆர்வலர்கள் பகிர்ந்துகொள்ளலாம். வனத்துறையிடம் அனுமதி கேட்போம், ஒரு அதிகாரி வந்து கையால் கொடுத்தால் போதும்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. விடிவதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் தண்ணீர் மின்னுகிற மின்னலில் ஒன்றும் தெரியாது. நாமக்கோழிக் கூட்டம் கறுப்பாகப் பரவிக் கிடக்கும். முதலில் பத்துப் பறவையை எண்ணி, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்தி நகர்த்தி எண்ணுவார்கள். பாதியில் ஒரு பருந்து மேலே வந்துவிட்டால் கூட்டம் மொத்தமும் எழும்பி வேறு மூலைக்குப் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. கூடு எண்ணுவது அதைவிடக் கஷ்டம். ஒரே கருவேல மரத்தில் இரண்டு மூன்று வகைப் பறவை கட்டியிருக்கும், எது நீர்க்காகத்தின் கூடு, எது பாம்புத்தாராவின் கூடு என்று பிரித்தாக வேண்டும். இவ்வளவு செய்கிறவருக்கு ஊர் கூடி ஒரு கைதட்டல் கொடுக்கலாம் இல்லையா?

வடமுகம் தோட்டம்:
நல்ல எண்ணம்தாங்க அண்ணா. ஆனால் எனக்கு உடன்பாடில்லை. சரணாலயத்துக்காக அதிகம் விட்டுக்கொடுத்தது யார் என்று முதலில் கேளுங்க. வடமுகம் வெள்ளோடு, செல்லப்பம்பாளையம், செம்மாண்டம்பாளையம், புங்கம்பாடி என்று ஏரியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் இருபது வருசத்துக்கு மேலாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. மத்தாப்போடு சரி. ஐப்பசியில் வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்குகிற நேரம், உள்ளூர்ப் பறவைகள் கூட்டில் உட்கார்கிற நேரம். சத்தம் கேட்டால் கூட்டை விட்டுவிட்டுப் போய்விடும் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். பக்கத்து டவுனில் சரவெடி வெடிக்கும்போது இங்கே ஒரு சின்னப் பையன் கம்பி மத்தாப்பைச் சுற்றிக்கொண்டு நிற்கிறானே, அவனைவிடப் பெரிய தன்னார்வலர் யாரு?

விருது என்று வந்தால் மேடையில் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள், அவர்களும் பெரும்பாலும் டவுனிலிருந்து வருகிறவர்களாக இருப்பார்கள். இத்தனை ஊரும் கீழே உட்கார்ந்து கைதட்ட வேண்டும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் பட்டாசு வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களுக்கு வனத்துறை தீபாவளிக்கு இனிப்பு கொடுக்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டு வாசலுக்கு வந்து கொடுக்கிறார்கள், ஒருத்தரையும் விடுவதில்லை.

நொய்யல்:
ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் ஊருக்குக் கொடுப்பதால் ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஆகிவிடாது. மத்திய அரசு அம்ரிதா தேவி பிஷ்னோய் பெயரில் வன உயிரினப் பாதுகாப்புக்காக ஒரு விருதை ஏற்படுத்தியது. 1730இல் ராஜஸ்தானில் கேஜ்ரி மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து உயிரைக் கொடுத்த பெண் அவர். அவரையும் சேர்த்து இறந்தவர்கள் 363 பேர் என்று சொல்வார்கள். அத்தனை பேர் செய்த தியாகம்தான், ஆனாலும் நமக்கு வழிவழியாக வந்து சேர்ந்தது ஒருத்தியின் பெயரைப் பிடித்துக்கொண்டுதான். அதனால் மற்றவர்களின் தியாகம் குறைந்துவிட்டதா என்ன?

நான் திருப்பூர்க்காரன். இங்கே பனியன் கம்பெனியில் வேலை செய்கிற பையனுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டுபோய் நஞ்சராயன் குளத்தில் ஆகாயத்தாமரை இழுக்கவும் நைலான் வலைத் துண்டு பொறுக்கவும் செலவழிக்கிறான். வீட்டில் அம்மா, சம்சாரம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இதுல உனக்கு என்ன வருது?" அவனிடம் பதில் கிடையாது. ஒரு தடவை அந்த அம்மாவை முன் வரிசையில் உட்காரவைத்து மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்க. அதற்கப்புறம் அந்தக் கேள்வி வராது. அவனுக்குக் கிடைக்கிற மரியாதையை வீடு பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் மேடை கேட்கிறேன்.

தாராபுரம் டீச்சர்:
நொய்யல் தம்பி சொன்னது மனசைத் தொட்டது. இருந்தாலும் என் பயத்தைச் சொல்லியாக வேண்டும். பள்ளியில் தேசிய பசுமைப் படை பொறுப்பில் இருந்து பிள்ளைகளை ஏரி ஏரியாகக் கூட்டிக்கொண்டு போனவள் நான். பரிசு என்று ஒன்று வந்ததும் வேலை எப்படி மாறுகிறது என்று கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஓர் ஏரியில் சேவை முகாம். பரிசுக்குப் புகைப்படம் இணைத்து அனுப்ப வேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். கூட்டிலிருந்து விழுந்த நாரைக் குஞ்சு ஒன்று மரத்தடியில் கிடந்தது. வனக் காவலருக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், அதுதான் முறை. அங்கே ஆளாளுக்குக் கையில் தூக்கிவைத்துப் படம் எடுத்தார்கள். குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூடியது, தொண்டைப்பை படபடவென்று அடித்துக்கொண்டது. காவலர் வந்து சேருவதற்குள் அது அடங்கிவிட்டது. தூக்கியவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. படம் இல்லாமல் பரிசு இல்லை என்று சொல்லி அனுப்பினால் அவர்கள் படம்தான் எடுப்பார்கள்.

எண்ணிக்கையிலும் இதே ஆபத்து உண்டு. அதிக வகைப் பறவை பார்த்தவருக்குப் பரிசு என்றால் சந்தேகமாகத் தெரிந்த உள்ளான் மாதிரிக் கரைப்பறவையெல்லாம் பட்டியலில் ஏறிவிடும். ஒரு பொய் எண் ஏறினால் அந்த வருசத்துக் கணக்கே வீண்.

ஏரிக்கரை:
டீச்சர், புகைப்படமே கேட்கக் கூடாது, வகைக்கணக்கும் வேண்டாம். வருகிறவர் ஒழுங்காக வருகிறாரா, கோடையில் ஏரி வற்றி நாற்றம் அடிக்கும்போதும் வருகிறாரா, இதை மட்டும் பார்ப்போம். அதைக் காவலர்கள் சொல்லட்டும்.

ஆசனூர்:
காவலர்கள் சொல்லட்டும் என்கிறீர்கள். அவர்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று நான் கேட்கிறேன்.

என் அப்பா வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவர். சத்தியமங்கலம் காடு 2013இல் புலிகள் காப்பகம் ஆனது. மொத்தப் பரப்பு 1400 சதுர கிலோமீட்டருக்கும் மேல். புலி எண்ணிக்கை இரண்டு மடங்கானதற்காக 2022இல் அதற்கு உலக அளவில் டிஎக்ஸ்2 விருது கிடைத்தது. எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் புலிக்குக் கேமரா கட்ட மரத்தைக் காட்டியது யார், கால்தடத்தைப் பார்த்து இது பெண்புலி, குட்டி கூட இருக்கிறது என்று சொன்னது யார்? இருளர், ஊராளி, சோளகர் வீட்டுப் பிள்ளைகள். பலருக்கு வேலை நிரந்தரமில்லை. அப்பா ராத்திரி ரோந்து போனால் அம்மா விடியும்வரை தூங்கமாட்டார். யானைக்கு முன்னால் ஒரு டார்ச்சும் தடியும்தான் துணை.

தன்னார்வலர் நல்லவர்தான், நான் மறுக்கவில்லை. அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விடுவார். அவருக்கு வழி காட்டி, பாம்பு இருக்கிற புதரைச் சுற்றிக் கூட்டிப்போன காவலர் அங்கேயே இருப்பார். அந்தக் காவலரைப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு வந்து போகிறவருக்குச் சால்வை போத்துவதை என்னால் பார்க்க முடியாது. தன்னார்வலருக்கே எடுத்துக்கொண்டாலும், ஏரிச் சேற்றில் இறங்குகிறவரைப் பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? அதற்கு ஒரு விபத்துக் காப்பீடு, கம்பூட்ஸ், அடையாள அட்டை. இதெல்லாம் முதலில் வரட்டும். அப்புறம் சான்றிதழ் பற்றிப் பேசலாம்.

நொய்யல்:
ஆசனூர் அண்ணா, அப்பா பட்ட கஷ்டத்துக்கு முன்னால் நான் என்ன பேசுவது. ஆனால் ஒன்று. காவலருக்குக் கிடைக்க வேண்டியது ஊதியமும் பணி நிரந்தரமும். அது அரசு கொடுக்க வேண்டியது, கேட்பதற்கு நாங்களும் கூட வருவோம். இது நாம் நம் கைக்காசில் செய்கிற மரியாதை. இதை நிறுத்திவைத்தால் அது சீக்கிரம் வந்துவிடுமா? அப்படி எனக்குத் தோன்றவில்லை.

சம்பளமில்லாமல் உழைக்கிறவருக்கு அங்கீகாரம் கொடுப்பது புதுசும் இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலேயே கௌரவக் காப்பாளர் என்று ஒரு பதவி இருக்கிறது. வெளியாளுக்கும் இதில் பொறுப்பு கொடுக்கலாம் என்று சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது.

வடமுகம் தோட்டம்:
மரியாதை மரியாதை என்கிறீர்களே, ஊருக்கு எது மரியாதை என்று நான் சொல்கிறேன். வேடந்தாங்கல் கதை எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து நாரைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய், பறவையைப் பாதுகாக்கிற உரிமையை எழுத்தாக வாங்கினார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாங்கியதை 1858இல் புதுப்பித்தும் வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சால்வை கேட்டுப் போகவில்லை. ஏரியில் தங்களுக்குள்ள பாத்தியதையை எழுத்தில் கேட்டார்கள்.

எங்கள் ஏரிக்கு மழையும் கீழ்பவானி வாய்க்காலின் கசிவுத் தண்ணியும்தான் ஆதாரம். அந்தக் கசிவை அடைக்க வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்று விவசாயிகளே இரண்டு பக்கமாக நிற்கிற ஊர் இது. ஏரியில் தண்ணி நிற்கவில்லை என்றால் எந்தப் பறவையை எண்ணுவீங்க? ஏரிக்குத் தண்ணி விடுவது பற்றிப் பேச்சு நடக்கும்போது சுற்றுவட்டார ஊர்க்காரர் ஒருத்தரையும் உட்காரவைத்துக் கேளுங்க. மயில் வந்து தக்காளி நாற்றைக் கொத்திவிட்டுப் போனால் அந்த நட்டத்தைக் காது கொடுத்துக் கேளுங்க. நாங்கள் ஒரு கல்லும் எடுத்து எறிவதில்லை, அதற்கு இதுதான் அங்கீகாரம்.

தாராபுரம் டீச்சர்:
தண்ணீர் விஷயத்தில் தோட்டக்காரர் பக்கம்தான் நான்.

விழாவுக்குப் பதிலாக என் யோசனை ஒன்று. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க ஆர்வலர்கள் பறவை எண்ணுகிறார்கள், 2015இலிருந்து நடக்கிறது. பறவைப் பட்டியல்களைப் பதிகிற ஈபேர்டு இணையதளத்தில் ஒவ்வொருவரும் ஏற்றுகிற பட்டியலில் அவரவர் பெயர் நிற்கிறது. எத்தனை வருசம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் இன்னார், இந்த நாள், இந்தக் கரையில் நின்று எண்ணினார் என்று இருக்கும். அப்படி வெள்ளோட்டுக்கென்று ஒரு பதிவேடு போடுவோம். எண்ணியவர் பெயர், படகு தள்ளியவர் பெயர், குப்பை பொறுக்கியவர் பெயர், கூட இருந்த காவலர் பெயர், எல்லாம் ஒரே வரிசையில், ஒரே அளவு எழுத்தில். பின்னால் யாராவது இந்த ஏரியைப் பற்றி ஆராய்ச்சி செய்தால் அந்தப் பெயர்களையும் சேர்த்துத்தான் எடுத்தாள வேண்டும். மரக்கேடயம் பரணில் ஏறிவிடும், இது ஏறாது. பிள்ளைகளிடம் நான் பார்த்த வரையில், தான் எண்ணிய எண் அச்சில் வந்ததைப் பார்த்த பிள்ளை அடுத்த வருசமும் வந்தது. பரிசு வாங்கிய பிள்ளை வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

நொய்யல்:
டீச்சர், பதிவேடு நல்லதுதான். ஆனால் பதிவேட்டை அந்தப் பையனின் அம்மா படிக்கமாட்டார்.

ஏரிக்கரை:
எல்லோரும் சொன்னதை வைத்து வனத்துறைக்குக் கொடுக்கிற மனுவை இப்படி எழுதலாம் என்றிருக்கிறேன். முதலில் விபத்துக் காப்பீடும் அடையாள அட்டையும். அடுத்தது டீச்சர் சொன்ன பதிவேடு. ஏரித் தண்ணீர் பற்றிய பேச்சில் ஊர்க்காரர்களுக்கு இடம் கேட்பதைத் தனி மனுவாகக் கொடுப்போம், இதோடு கலந்தால் இரண்டும் கெடும். ஆனால் விழாவை நான் கைவிடமாட்டேன். மேடையில் முதல் மரியாதை காவலர்களுக்கு, இனிப்பு எல்லா ஊர்களுக்கும், அதற்கப்புறம் தன்னார்வலரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். ஊருக்கு உழைத்தவனை ஊர் கூடிப் பெயர் சொல்லி அழைப்பது நம் பக்கத்தில் எல்லாக் கோயில் நோன்பிலும் இருக்கிற வழக்கம்தான். சரணாலயத்துக்கு மட்டும் அது ஏன் ஆகாது?

ஆசனூர்:
காப்பீடு கையில் வந்த பிறகு மேடை போட்டால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வருவதற்கு முன் போட்டால் வரமாட்டேன்.

வடமுகம் தோட்டம்:
தனி மனு என்று தள்ளிவைத்தால் அது தள்ளியேதான் கிடக்கும் அண்ணா. தண்ணி முதல் வரியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

தாராபுரம் டீச்சர்:
மனு பற்றி நீங்கள் பேசி முடியுங்க. நான் பதிவேட்டுக்குக் கட்டம் போட்டு அனுப்புகிறேன்: தேதி, நேரம், மதகில் நீர்மட்டம், எண்ணியவர், கூட இருந்த காவலர், கரையில் பார்த்த வேறு சங்கதி. வேறு என்ன கட்டம் வேண்டும் என்று சொல்லுங்க.