டிரெய்லர் மாட்டினால் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது: ஏர் பேக் போடலாமா?

ஒத்தையடிப்பாதை:
வணக்கம். என்னிடம் இருப்பது நான்கு கதவு பிக்கப், பின்னால் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கடுக்கான இரும்புப் பட்டை). மாதம் இரண்டு மூன்று தடவை ஒரு பெட்டி டிரெய்லரை இழுக்கிறேன். சாமான் ஏற்றிய பிறகு எடை மேடையில் 1,600 கிலோ காட்டியது. மாட்டியதும் வண்டி நாய் குந்தியது போல ஆகிவிடுகிறது. இரவில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் எனக்கு லைட் அடித்துக் காட்டுகிறார்கள். வேகம் கூடினால் ஸ்டியரிங்கும் பஞ்சு மாதிரி லேசாகிறது.

ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் கனமானதாக மாற்றினேன். ஒரு மில்லிமீட்டர் கூட ஏறவில்லை. இப்போது ஏர் பேக், அதாவது ஸ்பிரிங்கோடு சேர்ந்து பாரம் தாங்கும் காற்றுப் பை போடச் சொல்கிறார்கள். மறுபடியும் காசைக் கரியாக்க மனமில்லை. என்ன செய்யலாம்?

ஸ்பேனர்சாமி:
ஏர் பேக் போட்டு காற்றடியுங்கள், தீர்ந்தது. நான் நாலு வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

வண்டிக்காரி:
சாமி அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். ஷாக் மாற்றியும் ஏன் ஏறவில்லை என்று முதலில் அவருக்குச் சொல்லுவோம். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. அதனால் அது எவ்வளவு கனமாக இருந்தாலும் வண்டி தாழ்வது தாழ்வதுதான்.

ஒத்தையடிப்பாதை, மூன்று விஷயம் அளந்து சொல்லுங்கள். சமதரையில் நிறுத்தி, டிரெய்லர் மாட்டும் முன்னும் மாட்டிய பின்னும் நான்கு சக்கர வளைவுகளின் (சக்கரத்துக்கு மேலே உள்ள பாடி வளைவு) உயரம். பின் ஆக்ஸிலிலிருந்து (சக்கர அச்சு) ஹிட்ச் பால் (டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டை) வரை உள்ள தூரம். டிரெய்லரின் மூக்கு எடை, அதாவது பால் மேல் இறங்கும் எடை. அது மொத்த டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். உங்களுக்கு 160 முதல் 240 கிலோ.

ஒத்தையடிப்பாதை:
உயரமும் தூரமும் சரி, டேப் இருக்கிறது. மூக்கு எடையை எப்படிப் பார்ப்பது? வீட்டில் இருப்பது ஆள் ஏறி நிற்கிற தராசு, 150 கிலோவோடு நின்றுவிடும்.

வண்டிக்காரி:
அதுவே போதும். கனமான மரக்கட்டை ஒன்று எடுங்கள். ஒரு முனையின் கீழே செங்கல் வைத்து, அதன்மேல் ஒரு துண்டு இரும்புக் குழாய். மறுமுனையின் கீழே தராசு, அதன்மேலும் ஒரு குழாய்த் துண்டு. கட்டை மட்டமாக இருக்க வேண்டும். டிரெய்லரின் மூக்கு கட்டையில் உட்காரும் இடம் செங்கல் பக்கத்துக் குழாயிலிருந்து 30 செ.மீ., தராசுப் பக்கத்துக் குழாயிலிருந்து 60 செ.மீ. இருக்கட்டும். தராசுக்கு மூன்றில் ஒரு பங்குதான் வரும், காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். வெறும் கட்டைக்கு எவ்வளவு காட்டுகிறது என்று முதலிலேயே பார்த்துக் கழித்துவிடுங்கள். டிரெய்லர் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுக்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

ஒத்தையடிப்பாதை:
அளந்துவிட்டேன். தராசு 96 காட்டியது, அப்படியானால் 288 கிலோ! பின் வளைவு 75 மி.மீ. இறங்குகிறது, முன் வளைவு 20 மி.மீ. ஏறுகிறது. ஆக்ஸிலிலிருந்து பால் வரை 1.3 மீட்டர், வீல்பேஸ் (முன் ஆக்ஸிலிலிருந்து பின் ஆக்ஸில் வரை) 3.2 மீட்டர். கீழே படுத்துப் பார்த்தபோது பம்ப் ஸ்டாப் ரப்பர் (ஆக்ஸில் மேலே சட்டத்தில் இடிக்காமல் தடுப்பது) நடுவில் வட்டமாகப் பளபளவென்று தேய்ந்திருக்கிறது, சுற்றிலும் பழைய மண் அப்படியே ஒட்டியிருக்கிறது.

வண்டிக்காரி:
அந்தப் பளபளப்பு போதும். பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஆக்ஸில் அந்த ரப்பரைப் போய் இடிக்கிறது.

288 என்பது 18 சதவீதம். அது பின் ஆக்ஸிலின் மேலேயே இறங்கவில்லை, 1.3 மீட்டர் பின்னால் தொங்குகிறது. நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும். 288 × 1.3 ÷ 3.2 = 117. முன் சக்கரங்களிலிருந்து 117 கிலோ கழன்று அதுவும் பின்னால் போய்ச் சேருகிறது, ஆக பின் ஆக்ஸிலுக்கு 405 கிலோ. ஸ்டியரிங் லேசாவது இதனால்தான்.

ஸ்பேனர்சாமி:
அதைத்தானே சொன்னேன், பின்னால் தூக்கிவிட்டால் முன்னால் இறங்கிவிடாதா?

வண்டிக்காரி:
அங்கேதான் அண்ணா எல்லோரும் ஏமாறுகிறோம். நானும் ஏமாந்தேன். ஏர் பேக் பின்பக்கத்தை உயர்த்தும், ஹெட்லைட் நேராகும், பார்க்க அழகாக நிற்கும். ஆனால் அந்த 117 கிலோ முன் சக்கரத்துக்குத் திரும்பாது. காற்றடித்த பிறகு முன் வளைவை அளந்து பாருங்கள், ஏறிய 20 மி.மீ. ஏறியபடியே இருக்கும். கூடுதல் பிளேட் சேர்த்தாலும், ரப்பர் ஹெல்பர் போட்டாலும் இதே கதைதான். எதைப் போட்டாலும் டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சுமை அளவு அதிகமாகாது. மூக்கு எடை முழுவதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

கியர்நாயகம்:
இடையில் ஒரு கேள்வி. பிக்கப் தொட்டியில் என்ன இருக்கிறது? டிரெய்லரின் முன்பகுதியில் என்ன இருக்கிறது?

ஒத்தையடிப்பாதை:
டிரெய்லரின் முன் சுவரை ஒட்டி ஜெனரேட்டர், இரண்டு தண்ணீர் கேன், ஒரு பெட்டி நிறைய சங்கிலி. பிக்கப்பில் 90 கிலோ இரும்புக் கருவிப்பெட்டி, எடுக்க வசதியாக டெயில்கேட் ஓரமாக. (சொல்லவே வெட்கமாக இருக்கிறது.)

கியர்நாயகம்:
வெட்கம் எதற்கு, எல்லோரும் செய்வதுதான். கருவிப்பெட்டியைக் கேபின் சுவரோடு தள்ளிக் கட்டுங்கள். தண்ணீரையும் சங்கிலியையும் டிரெய்லர் ஆக்ஸிலுக்கு மேலே கொண்டுவாருங்கள். ஆனால் ஆசைப்பட்டு ரொம்பப் பின்னால் தள்ளிவிட வேண்டாம். மூக்கு எடை 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். பின்பக்கம் தாழ்வதாவது கண்ணுக்குத் தெரியும். வாலாட்டம் சொல்லிவிட்டு வராது.

ஒத்தையடிப்பாதை:
செய்து பார்த்தேன். தராசு இப்போது 70, அதாவது 210 கிலோ, 13 சதவீதம். பின்னிறக்கம் 75-லிருந்து 55 ஆனது. கருவிப்பெட்டியை முன்னால் தள்ளியதும் 47! முன் வளைவு 7 மி.மீ. தான் ஏறி நிற்கிறது. ஒரு ரூபாய் செலவில்லை. இதோடு விட்டுவிடலாமா?

வண்டிக்காரி:
ஹிட்ச் ரிசீவரில் (வண்டியின் பின்னால் பாலைச் சொருகும் குழாய்) ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரும்பாலும் இரண்டு எண் இருக்கும். வெறும் பாலுக்கு ஒன்று, எடை பகிரும் ஹிட்சுக்கு ஒன்று.

ஒத்தையடிப்பாதை:
வெறும் பாலுக்கு 200, எடை பகிரும் ஹிட்சுக்கு 300.

வண்டிக்காரி:
அப்படியென்றால் விட முடியாது. 210 என்பது வெறும் பாலுக்கு அதிகம், முன்பு ஓட்டிய 288 எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். காசு செலவழிப்பதானால் அந்த ஹிட்சுக்குச் செலவழியுங்கள். அதில் இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் டிரெய்லர் சட்டத்தோடு இழுத்து மாட்டப்படும். அந்த விசை பின் ஆக்ஸிலில் இறங்கும் பாரத்தில் ஒரு பங்கை முன் சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் அனுப்பும். எவ்வளவு இறுக்குவது என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும். முன்பக்கம் பழைய உயரத்துக்கே முழுக்க வரட்டும் என்று மனம்போன போக்கில் இறுக்க வேண்டாம்.

டிரெய்லரில் இருப்பது தள்ளுவிசையில் பிடிக்கும் பிரேக் என்றால், அதோடு ஒத்துப்போகும் ஹிட்சா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாம் ஒத்துப்போகாது.

ஸ்பேனர்சாமி:
ஒரு எச்சரிக்கை நானும் சொல்கிறேன். அந்தக் கம்பியைக் கழற்றும்போது டிரெய்லரின் முன் ஜாக்கால் வண்டியின் வாலையும் சேர்த்துத் தூக்குங்கள். கம்பி தளர்ந்த பிறகுதான் கொக்கியை எடுக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் அவசரப்பட்டு எடுத்தார், நெம்புகிற தடி எகிறித் தாடைக்குப் பக்கத்தில் போனது.

அப்புறம், முன் வளைவை என் வண்டியில் இன்று காலை அளந்தேன். வண்டிக்காரி அம்மா சொன்னது சரி. காற்றடிக்கும் முன்னும் பின்னும் ஒரே எண்.

ஒத்தையடிப்பாதை:
ஹிட்ச் மாட்டி ஒரு பயணம் போய்வந்தேன். முன் வளைவு 3 மி.மீ. ஏற்றம், பின்பக்கம் 40 மி.மீ. இறக்கம். ஸ்டியரிங் கையில் நிற்கிறது. ஆனாலும் அந்த 40 உறுத்துகிறது.

கியர்நாயகம்:
வெறும் பிக்கப்பின் பின்பக்கம் உயர்ந்து நிற்பதே பாரம் ஏறினால் இறங்குவதற்குத்தான். பம்ப் ஸ்டாப்பில் சாக்பீஸ் தடவிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். சாக்பீஸ் அழியாமல் இருந்தால் 40-ஐ மறந்துவிடலாம். டிரெய்லர் மட்டமாக நிற்கிறதா?

ஒத்தையடிப்பாதை:
மூக்கு கொஞ்சம் தூக்கலாக இருந்தது, பாலை ஒரு துளை இறக்கி மாட்டினேன். சாக்பீஸ் தடவிவிட்டேன், நாளை சொல்கிறேன். நேற்று இரவு திரும்பும்போது யாரும் லைட் அடிக்கவில்லை.