எட்டு ஈசிஜியும் நார்மல், பயம் மட்டும் போகவில்லை. மனநல டாக்டரிடம் போனவர்கள் இருக்கிறீர்களா?

மஞ்சப்பைக்காரன் கேட்டது:

வணக்கம். வயது 36. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்சண்டைசர். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடியில் என் பெரியப்பா மகன் இறந்துபோனார். 41 வயது. காலையில் பால் வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஹார்ட் அட்டாக். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "முன்னாடியே ஏதாச்சும் அறிகுறி இருந்துச்சா?" அண்ணி யோசித்துவிட்டு, "ரெண்டு நாளா இடது தோள் வலிக்குதுன்னார்" என்றார். அன்று ராத்திரியே எனக்கு இடது தோள் வலித்தது.

இந்தப் பதினோரு மாதத்தில் எட்டு ஈசிஜி, இரண்டு எக்கோ, ஒரு டிரெட்மில் டெஸ்ட். ரத்தம் எத்தனை முறை கொடுத்தேன் என்று கணக்கில்லை. எல்லாம் நார்மல். அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு பைக் டேங்க் கவரிலேயே வைத்திருக்கிறேன். எங்காவது விழுந்தால், தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குப் பழைய ரிப்போர்ட் கையில் கிடைக்கட்டும் என்று.

ரிப்போர்ட் வாங்கியதும் மனசு லேசாகிவிடும். ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துவிட்டுப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். முதல் ஈசிஜியின் நிம்மதி மூன்று வாரம் தாங்கியது. ஐந்தாவது, இரண்டு நாள். எட்டாவது, பார்க்கிங்கில் வண்டியை எடுப்பதற்குள் போய்விட்டது. "அந்தப் பையன் ஒயரைச் சரியாக ஒட்டினானா?"

ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வரும். கையில் கட்டிய வாட்ச் இதயத் துடிப்பு 96 என்று காட்டும். இன்னொரு தடவை பார்த்தால் 108. அப்புறம் 118. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை எடுத்து விரலில் மாட்டுவேன். பிறகு மனைவியை எழுப்பி, "முகம் வெளுத்திருக்கா பாரு" என்பேன். அவளும் லைட்டைப் போட்டுப் பார்த்து "ஒண்ணுமில்லைங்க" என்பாள். வேலைக்குப் போகும் வழியைக்கூட மாற்றிவிட்டேன், பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ரோட்டில். நாலு கிலோமீட்டர் சுற்று. மாடிப்படி ஏறுவதில்லை. போனில் "இ" என்று தட்டினாலே "இடது தோள் வலி" என்று அதுவே எழுதிவிடுகிறது.

அம்மா கேஸ் என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுக்கிறார். மாமனார் கூட்டிப்போய் மந்திரித்துத் திருநீறு போட்டுவிட்டார். போன மாதம் ஹார்ட் டாக்டர், "உங்க ஹார்ட் நல்லா இருக்கு. ஒன்பதாவது ஈசிஜி எழுத மாட்டேன்" என்று மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டும் மஞ்சப்பையில்தான் இருக்கிறது.

வலி எனக்கு நிஜமாகவே வருகிறதுங்க, நடிக்கவில்லை. அங்கே போனால் எல்லாம் கற்பனை என்று சொல்லி அனுப்பிவிடுவார்களா? மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் போட வேண்டுமா? கல்யாணம் ஆகாத தங்கை இருக்கிறாள், வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது நிஜமாகவே அட்டாக் வந்துவிட்டால்? போனவர்கள் சொல்லுங்கள்.

அனுபவஸ்தன்:

எல்லாம் மனசுதான் தம்பி. காலையில் ஐந்து கிலோமீட்டர் வாக்கிங், வாட்ச்சைக் கழற்றி வீசுங்கள், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். டாக்டர் கீக்டர் எதுவும் தேவைப்படாது.

வைகைக்கரை:

மேலே எழுதிய சாருக்கு ஒரு வார்த்தை. வாக்கிங் நல்லதுதான். ஆனால் நாடியை எண்ணிக்கொண்டே நடக்கிறவருக்கு அது வாக்கிங் இல்லை, ஒன்பதாவது டெஸ்ட்.

தம்பி, நான் மதுரையில் பள்ளிக்கூட டீச்சர். 44 வயது. உனக்கு ஹார்ட் என்றால் எனக்குக் கழுத்து. காதுக்குக் கீழே உளுந்து அளவுக்கு ஒரு நெறி. கேன்சர் என்று முடிவு கட்டிவிட்டேன். போர்டில் எழுதும்போது வலது கை சாக்பீஸில் இருக்கும், இடது கை கழுத்தில் இருக்கும். நாள் முழுக்க அமுக்கி அமுக்கி அந்த இடம் வீங்கிக் கன்றிப்போனது. வீங்கியதும் பார்த்தாயா, வளர்கிறது என்று இன்னும் பயம். ஸ்கேன் எடுத்தேன். ஊசி குத்தி உறிஞ்சிப் பார்க்கும் டெஸ்டும் எடுத்தேன். ஒன்றுமில்லை என்று வந்தது. "ஊசி சரியான இடத்தில் குத்தாமல் பக்கத்தில் குத்தியிருந்தால்?" உன் ஒயர் கதைதான்.

மனநல டாக்டர் பார்த்துவிட்டு ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மாவிடம் அனுப்பினார். சிபிடி என்பார்கள், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்குகிற பேச்சு வைத்தியம். கற்பனை என்ற வார்த்தையை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. முதல் நாள் ஒரு பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கம் வட்டம் போட்டார். உடம்பில் ஏதோ தெரிகிறது, பயம் வருகிறது, தொட்டுப் பார்க்கிறேன், நிம்மதி, கொஞ்ச நேரத்தில் சந்தேகம், மறுபடி தொடுகிறேன். "இதுல எது உங்களை மாட்டி வச்சிருக்கு?" என்று கேட்டார். பயம் என்றேன். அவர் பேனாவை நிம்மதி என்ற சொல்லின் மேல் வைத்தார். எனக்கு அன்றைக்குப் புரியவில்லை, கோபம்கூட வந்தது.

அப்புறம் ஒரு வேலை கொடுத்தார். இடது கால் கட்டைவிரலை மட்டும் மூன்று நிமிடம் கவனிக்க வேண்டும், வேறொன்றும் இல்லை. ஒரு நிமிடத்தில் குறுகுறுப்பு. அடுத்து சூடு. மூன்றாவது நிமிடம் விரலுக்குள் துடிப்பே தெரிந்தது. "காலையிலேருந்து நல்லா இருந்த விரலுக்கு இப்ப என்ன ஆச்சு?" என்றார். நான்கு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தேன்.

கழுத்தைத் தொடும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையை ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றில் போடச் சொன்னார். குறைக்க வேண்டாம், முதலில் எண்ணினால் போதும் என்றார். முதல் நாள் 63. நானே நம்பவில்லை. பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை மட்டும் என்று கொண்டுவந்து, அதையும் நிறுத்தினோம். தொடாமல் இருக்கும்போது பதற்றம் எவ்வளவு என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். டீச்சர் இல்லையா, அது எனக்குச் சுலபமாக வந்தது. ஒன்பதில் இருக்கும். ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தால் அரை மணி, முக்கால் மணியில் நாலுக்கு இறங்கும். தானாகவே இறங்கும் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. அதற்கு முன்பே தொட்டுவிடுவேனே!

நோட்டில் இரண்டு பத்தி. ஒன்றில் "எனக்குக் கேன்சர் இருக்கிறது", இன்னொன்றில் "கேன்சர் வந்துவிடுமோ என்ற கவலைதான் என் பிரச்சினை". எது என்று சண்டை போட வேண்டாம், இரண்டுக்கும் என்ன ஆதாரம் என்று வாராவாரம் எழுதி வா என்றார். ஒரு வாரம் இரண்டாவது பத்தி பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போனது.

எங்கள் அம்மா தொண்டைப் புற்றில் போனார், எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏழாவது வாரம்தான் அதைப் பற்றிப் பேசினோம், அன்றைக்கு அழுகைதான். உன் பதிவில் எனக்கு உறைத்தது துக்க வீட்டுக் கேள்விதான். அறிகுறி இருந்தது என்றால் கவனித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆகிறது. அதனால்தான் நாமெல்லோரும் அப்படிக் கேட்கிறோம். நீ அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டாய்.

மொத்தம் 16 வாரம் போனேன். நெறி இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன மாதம் கூட வேலை பார்க்கிற டீச்சருக்குக் கேன்சர் என்று கேட்ட அன்று மட்டும் புளியங்கொட்டைக் கணக்கில் சொன்னால் ஒன்பது.

நைட் டியூட்டி:

எமர்ஜென்சியில் ஸ்டாஃப் நர்ஸ் நான். உங்களைப் போல ரிப்போர்ட் பையோடு வருகிறவர்களை வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். எங்களில் சிலர் முகம் சுளிப்பதும் உண்டு, தப்புதான்.

வலி நிஜம் சார். பயந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும். நெஞ்சுத் தசை இறுகும், இறுகினால் வலிக்கும். வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் மரக்கும், தலை சுற்றும். மூச்சே வரவில்லை என்று பதறி வருகிறவரின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் ஆக்சிஜன் 99 காட்டும். உங்கள் வாட்ச்சில் 96 எப்படி 118 ஆயிற்று? ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் நீங்கள் பயந்ததுதான்.

நோய் இருக்குமோ என்கிற இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் ஹைப்போகாண்ட்ரியாசிஸ் என்று பெயர். அது கேலிச் சொல் மாதிரி ஆகிவிட்டதால் 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு இல்னஸ் ஆங்ஸைட்டி டிஸார்டர் என்று வைத்தார்கள். உடம்புத் தொந்தரவும் பெரிதாக இருந்தால் சொமாட்டிக் சிம்ப்டம் டிஸார்டர். உங்களுக்கு எது என்பதை டாக்டர் சொல்லட்டும். டீச்சரம்மா சொன்ன நிம்மதி விஷயம் புதிதில்லை. 1986லேயே பிரிட்டனில் சல்கோவ்ஸ்கிஸ், வார்விக் என்ற இருவர், திரும்பத் திரும்ப "ஒன்றுமில்லை" என்று கேட்டு வாங்குவதே இந்தப் பயத்தை வளர்க்கிறது என்று எழுதிவிட்டார்கள். உங்கள் ஹார்ட் டாக்டர் ஒன்பதாவது ஈசிஜி எழுதாதது நல்ல வைத்தியம்.

மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படாது. கொடுத்தால் பெரும்பாலும் செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் வகையாக இருக்கும். பலன் தெரியச் சில வாரம் ஆகும். முதல் சில நாள் வயிற்றைப் பிரட்டலாம், படபடப்பு கொஞ்சம் கூடலாம். இதை முன்கூட்டியே சொல்வதே, நீங்கள் அன்று ராத்திரி எங்களிடம் ஓடி வரக் கூடாது என்றுதான். இது தூக்க மாத்திரை மாதிரிப் பழக்கமாகிற வகை இல்லை, ஆயுசுக்கும் போட வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் நீங்களாக டக்கென்று நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். மெடிக்கலில் "படபடப்புக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்குவது வேண்டவே வேண்டாம்.

தங்கை விஷயம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல ஓபி உண்டு, பணம் வேண்டாம். சைக்காலஜிஸ்டைத் தனியாகப் பார்ப்பதென்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416க்கு அடியுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.

இதை எழுதாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது: இதுவரை இல்லாத மாதிரி நெஞ்சை அழுத்துகிற வலி, நடந்தால் கூடுவது, வியர்த்துக் கொட்டுவது, தாடைக்கோ கைக்கோ பரவுவது என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். பயக்காரனுக்கும் நோய் வரும். மற்ற நாளில் எது பார்க்க வேண்டியது, எது வேண்டாம் என்று முடிவு செய்ய ஒரே ஒரு டாக்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுமுடிக்காரி:

உங்கள் வீட்டம்மா லைட்டைப் போட்டு முகம் பார்த்த இடத்தில் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் வீட்டுக்காரர் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பார், நான் டார்ச் அடிப்பேன். இரண்டு வருஷம் இது நடந்தது. கவுன்சிலிங்கில் என்னையும் கூப்பிட்டுப் பேசினார்கள். கேட்டால் "இதுக்கு நான் பதில் சொல்றதா இல்லைங்க, வாங்க பக்கத்துல உக்காருங்க" என்று மட்டும் சொல்ல வேண்டுமாம். முதல் வாரம் வீட்டில் போர். "நான் செத்தாத்தான் உனக்கு நிம்மதி" என்று சாப்பிடாமல் எழுந்து போனார். நான் டார்ச்சை எடுக்கவில்லை. அண்ணா, நீங்கள் போகும்போது அண்ணியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கும் இந்தப் பதினோரு மாதமாகத் தூக்கம் இல்லைதானே.

மஞ்சப்பைக்காரன் (ஐந்து வாரம் கழித்து):

பதில் போட்டவர்களுக்கு நன்றி. போனேன். ஜிஎச் ஓபியில் டோக்கன் 47. நிமிர்ந்து பார்த்தால் 45ல் எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர் உட்கார்ந்திருக்கிறார். பத்து நிமிடம் இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவரே வந்து, "டீ சாப்பிடலாமாங்க?" என்றார். நான்கு வருஷமாக வருகிறாராம். இதற்கா இவ்வளவு பயந்தேன்.

செர்ட்ராலின் குறைந்த அளவில் ஆரம்பித்திருக்கிறார்கள். நர்ஸ் அக்கா சொன்ன மாதிரியே முதல் நாலு நாள் வயிற்றைப் பிரட்டியது. சைக்காலஜிஸ்டிடம் மூன்று முறை போயிருக்கிறேன். டீச்சரக்கா, எனக்குக் கட்டைவிரல் வேலை செய்யவில்லை, காது மடல்தான் துடித்தது.

மூன்றாவது தடவை, ரிப்போர்ட்டை எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றரை நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு வாங்கச் சொன்னார். அவரும் என்னோடு சேர்ந்து வாங்கினார். ஒரு நிமிடம் தாண்டுவதற்குள் விரல் மரத்தது, தலை கிறுகிறுத்தது, நெஞ்சில் இடது பக்கம் அந்த வலி. அதே இடம். ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற அதே வலி. அதை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி நானே வரவழைத்தேன். மூச்சைச் சாதாரணமாக விட்டதும் போய்விட்டது. எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவரும் பேசவில்லை.

அதனால் குணமாகிவிட்டேன் என்று இல்லை. முந்தாநாள்கூட பெரிய ஆஸ்பத்திரி ரோட்டில்தான் வண்டி போனது, பாதி வழியில்தான் ஞாபகமே வந்தது. ஆனால் வாட்ச் பத்து நாளாக அரிசி டின்னுக்குள் கிடக்கிறது. அம்மா படியோடு சேர்த்து அள்ளிவிட்டு, "இதென்ன கூத்து" என்றார்.

வருகிற ஞாயிறு வீட்டுப்பாடம், குடும்பத்தோடு பர்கூர் மலைக்குப் போய்வர வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகத் தேடிச் சொல்லுங்கள் என்றார் சைக்காலஜிஸ்ட், நான்தான் அதைச் சொல்லித் தொலைத்தேன். மஞ்சப்பையை வீட்டில் வைத்துவிட்டு வருவதாக மனைவியிடம் ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஆக்சிமீட்டரைப் பற்றி அவள் இன்னும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.